முறை சொல்லி அழ ஒருத்தி

1898 நவம்பரிலிருந்து 1944 பிப்ரவரி வரைக்கும் பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டில், பிளாக்பள்ளியை அடுத்த லாயக்காரத் தெருவில் நெருப்புப் பற்றவில்லை. அடுப்பு, குத்துவிளக்கு, மெழுகுவத்தி, பீடி, எதுவும் எரியவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து தீப்பந்தம் கொண்டுவந்தால் தெருமுனைத் தண்ணீர்க் குழாயைத் தாண்டும்போது அணைந்தது. காற்று காரணமில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிணம் எடுக்காத தெருவில் அடுப்பு மூட்டக் கூடாது. அந்தத் தெருவில் ஒரு பிணம் எடுக்கப்படாமல் கிடந்தது.

பிணத்தின் பெயர் ஓஸ்வால்ட். சோடா கம்பெனி ஒன்றில் பாட்டிலுக்குக் காற்று அடைக்கும் வேலை. பெயரே கம்பெனியின் வெள்ளைக்கார முதலாளி வைத்ததுதான். பழைய பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 1891-ல் வந்து, வெங்கடராம முதலியாரின் வரிசை வீடுகளில் கடைசி அறையை வாடகைக்கு எடுத்தார். ஊர் எது என்று கேட்டவர்களுக்குக் கிழக்கே என்று பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், கதவோரம் நிற்பார், முதல் ஆளாக வெளியே வருவார். ஏழு வருஷத்தில் தெருவில் அவருக்குச் சண்டையும் இல்லை, சிநேகமும் இல்லை. பிளேக் வந்து தண்டு முழுக்கத் தினமும் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்த அந்த வருஷத்தில் அவர் பிளேக்கில் சாகவில்லை. பாட்டில் வெடித்துக் கண்ணாடி கழுத்தில் இறங்கியது. கம்பெனி ஆட்கள் மாட்டுவண்டியில் கொண்டுவந்து அவருடைய கட்டிலிலேயே கிடத்தினார்கள். முதலியாரிடம் ஒரு வார்த்தை சொன்னார்கள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சாவு விழுந்த இடத்தில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது.

சாவுக்கென்று தனிப் பேச்சு உண்டு. யாரையும் வா என்று அழைப்பதில்லை, விஷயத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். வந்தவரை உட்காரச் சொல்வதில்லை. நேற்றுவரை பெயரோடு நடமாடியவரைப் பற்றி, எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். மூட்டையைப் பற்றிக் கேட்பதுபோல. இந்துவானாலும் வேதக்காரரானாலும் அந்தத் தெருவில் இது ஒன்றுதான். இதில் பெண்களுடைய பங்கு அழுவது. வெறுமனே கண்ணீர் விட்டால் அது அழுகை ஆகாது. செத்தவர் தனக்கு என்ன முறை என்று கூவிச் சொல்லி அழ வேண்டும். அப்பா என்றோ, அண்ணா என்றோ, என்னைப் பெத்தவளே என்றோ. கட்டின புருஷனென்றால் அதற்குத் தனியாக நீண்ட வரிகள் உண்டு. இது துக்கத்துக்காக ஏற்பட்ட வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எடைக்காக ஏற்பட்டது என்பது ஓஸ்வால்ட் செத்த பிறகுதான் தெரிந்தது.

வேதக்காரர் கோவிலில் நல்மரண சபை என்று ஒன்று இருந்தது. வேதக்காரர் வீட்டுப் பிணங்களைச் சுமப்பது அவர்கள் வேலை. அதற்குத் தலைவர் ரெமிஜியஸ். பட்டாளத்துக்குத் தானியம் வாங்கும் கமிசேரியட்டில் குமாஸ்தா, ஓஸ்வால்டின் அறைக்கு எதிர்வீடு. அவர் நான்கு பேரோடு வந்து கட்டிலின் நான்கு முனையிலும் கை கொடுத்தார். கட்டில் அசையவில்லை. எட்டுப் பேர் பிடித்தும் அசையவில்லை. பிளேக் ஆபீசிலிருந்து ஆள் வந்தது, கயிறும் இரண்டு காளைகளும் வந்தன. கயிறு அறுந்தது. வண்டிக்காரன் காளைகளின் முதுகைத் தடவிக்கொண்டே, "ஏளோதில்லா சாமி, இது ஏளோதில்லா" என்று, எழும்பாது என்பதைக் கன்னடத்தில் சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஆபீஸ் ஆட்கள் அறையைச் சுற்றி பினாயில் ஊற்றிவிட்டு அடுத்த பிணத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு அன்றைக்கு நிறைய வேலை இருந்தது.

முதல் நாள் தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை, வழக்கப்படி. மறுநாள் குழந்தைகளின் அழுகை பொறுக்காமல் சிலர் மூட்டப் பார்த்தார்கள். தீக்குச்சி கிழிபட்டது, மருந்து நாறியது, தீ வரவில்லை. தெரு முழுக்க அப்படியே இருந்தது. முதலியார் வீட்டுச் சாமி விளக்கும் அணைந்திருந்தது. அப்போதுதான் அல்போன்சா அந்த அறைக்கு வந்து பார்த்தாள். வேதக்காரர் வீட்டுச் சாவுகளில் முதல் குரல் எடுப்பவள் அவள். கட்டிலைச் சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்துச் சொன்னாள்.

"முறை சொல்லி ஒருத்தியும் அழல. அப்புறம் எப்படிப்பா கெளம்பும்? தான் யாரு வூட்டு ஆளுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

அவளே உட்கார்ந்து தலையை விரித்துப்போட்டு, தம்பி என்று கூப்பிட்டு அழுதாள். நல்ல அழுகை. வழக்கமாக வரும் வரிகள் எல்லாம் வந்தன, கடைசியில் என்னையும் கூட்டிக்கிட்டுப் போயேன் என்ற வரியும் வந்தது. கட்டில் எழும்பவில்லை. நான்கு கால்களும் ஒரு விரற்கடை தரைக்குள் இறங்கின. மறுநாள் காலை அல்போன்சாவின் அக்குளில் கட்டி கண்டது, மாலையில் போய்விட்டாள். அவள் மகள் அம்மா என்று ஒரு தடவை சொன்னதும் அவள் பிணம் முறம்போல எழும்பியது. அன்றிலிருந்து லாயக்காரத் தெருவில் யாரும் அந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை.

பயம் இருந்தாலும் பசியும் இருந்தது. ஒவ்வொருவராக வந்து முயன்றார்கள். மாமா என்றார்கள், சித்தப்பா என்றார்கள், சம்பந்தி என்றுகூட ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரற்கடை இறங்கியது. வெங்கடராம முதலியார் உள்ளே வராமல் வாசலில் நின்று, அவர் எனக்குப் பிள்ளை மாதிரி என்றார். மாதிரி என்று சொன்னதால் அரை விரற்கடை மட்டும் இறங்கியது. பொய் சொன்னால் பாரம் கூடுகிறது என்று இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. உண்மையான முறை உள்ள ஒருத்தி எங்கேயோ இருக்க வேண்டும். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் எதிர்வீட்டில் இருந்தாள். ரெமிஜியஸின் மனைவி பெர்னதெத்.

தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னால் அவள் பெயர் ஆரோக்கியம், ஊர் வந்தவாசிக்குப் பக்கம். பதினாறு வயதில் சவரிமுத்து என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பஞ்சத்தில் அவன் கால்வாய் வெட்டும் வேலைக்குப் போனான். அந்த முகாமில் காலரா வந்து ஒருவரும் மிஞ்சவில்லை என்று சேதி வந்தது. அவள் நடந்தே பெங்களூர் வந்தாள். கன்னியர் மடத்தில் கஞ்சி கொடுத்து, பெர்னதெத் என்று புதுப் பெயரும் கொடுத்தார்கள். சவரிமுத்துவின் ஆத்துமாவுக்குப் பூசை வைத்தார்கள். 1879-ல் ரெமிஜியஸ் அவளைக் கட்டிக்கொண்டார். மறு வருஷம் கேத்தரின் பிறந்தாள், அப்புறம் இரண்டு பையன்கள். 1891-ல் ஒரு நாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, செத்துப் பூசையும் வைக்கப்பட்ட சவரிமுத்து கன்னத்தில் தழும்போடு எதிர் அறைக்குக் கட்டில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். தேடித்தான் வந்தாரா, வாடகை குறைவு என்று வந்தாரா என்பது தெரியாது. ஏழு வருஷத்தில் அவர்கள் பேசியது ஒரே தடவை. பிள்ளைங்க எத்தனை என்று கேட்டார். மூணு என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். திருச்சபைச் சட்டப்படி முதல் புருஷன் உயிரோடிருக்க இரண்டாவது கல்யாணம் கல்யாணமே இல்லை. இருபது வருஷமாக அவள் ரெமிஜியஸின் மனைவி இல்லை. பிள்ளைகள் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகள். அதோடு, அந்த மாதம் கேத்தரினுக்குக் கல்யாணம். கோவிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பீடத்திலிருந்து வாசிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் தந்தி ஆபீஸ்காரர்கள், ஒவ்வொன்றையும் விசாரிப்பவர்கள்.

தெருவில் அவள் மட்டும்தான் இன்னும் வந்து அழவில்லை என்று பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். ரெமிஜியஸ் வீட்டுக்கு வந்து, சபைத் தலைவர் வீட்டிலிருந்து ஒருத்தி போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது, போய் அண்ணா என்று சொல்லிவிட்டு வா என்றார். அவள் போனாள். அறை முழுக்க ஆட்கள். கட்டிலின் தலைமாட்டில் நின்று, உட்காரக்கூட இல்லாமல், அண்ணா என்றாள். மற்றவர்கள் சொன்னபோது விரற்கடை இறங்கிய கட்டில் அவள் சொன்னதும் ஒரு முழம் இறங்கியது. தரைக்கல் இரண்டாகப் பிளந்தது. கூட்டம் வாசலுக்கு ஓடியது. பிளேக் பயத்தில் இருந்தவர்கள் எதையும் யோசித்துப் பார்க்கும் நிலையில் இல்லை; ஒரே நாளில் நிறையப் பொய் சேர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ரெமிஜியஸ் மட்டும் தரைக்கல்லைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். குமாஸ்தா வேலை பார்ப்பவருக்குக் கணக்கு வரும். வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம் சொன்னார்.

"கேத்தரினுக்கு ரெண்டாவது ஓலை வாசிச்சாச்சு."

அவள், "ஆமாங்க" என்றாள். இருபத்து மூன்று வருஷம் கழித்து அவர் சாகும்வரைக்கும் இந்த விஷயத்தில் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கேத்தரினுக்குக் கல்யாணம் ஆனது. விருந்தைப் பக்கத்துத் தெருவில் கொட்டகை போட்டுச் சமைத்துத் தூக்கிவந்தார்கள். பிணம் கிடக்கும் தெருவில் கல்யாணம் செய்யலாமா என்று யாரோ கேட்டதற்கு, அது எதிரில்தானே கிடக்கிறது, நம் வீட்டில் இல்லையே என்று ரெமிஜியஸ் பதில் சொன்னார். அதன்பின் தெருவும் அந்தப் பதிலையே பழகிக்கொண்டது. பினாயில் வாடை போன பிறகு அறையில் வேறு வாடை எதுவும் வரவில்லை. ஓஸ்வால்ட் கட்டிலோடு தரைமட்டத்துக்குக் கீழே, கழுத்துக் காயத்தோடு, வைத்தது வைத்தபடி கிடந்தார். முதலியார் கதவைச் சாத்திப் பூட்டினார். தெருமுனைக் குழாய்க்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பொது அடுப்புகள் கட்டினார்கள். பெண்கள் விடியலில் பாத்திரங்களோடு போய்ச் சமைத்துக்கொண்டு வந்தார்கள். மார்கழிக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். பிரசவத்துக்கு வெளித்தெருவுக்குப் போனார்கள். தீபாவளிக்குப் பட்டாசு இல்லை, கிறிஸ்துமஸுக்கு மெழுகுவத்தி இல்லை. மின்சார விளக்கு வந்தபோது அது எரிந்தது. அது நெருப்பு இல்லை என்று பிணமும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் செத்தபோது உறவுக்காரர்கள் முறை சொல்லி அழுதார்கள், அவர்கள் ஒழுங்காக எழும்பிப் போனார்கள். 1921-ல் ரெமிஜியஸ் போனபோது பெர்னதெத் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கேத்தரின் அப்பா என்று அழுதாள். அது உண்மை, ஆகவே எழும்பினார். பெண்டாட்டி ஏன் அழவில்லை என்று கேட்டவர்களிடம், அவளுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது என்று மகள் சொன்னாள்.

சீக்கிரம் அழுதுவிட வேண்டும் என்றுதான் பெர்னதெத் நினைத்துக்கொண்டிருந்தாள். கேத்தரின் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தாள். பிறகு பெரியவனுக்கு ஓலை வாசித்தார்கள், அப்புறம் சின்னவனுக்கு. பிறகு கேத்தரினின் பெண்களுக்கு ஒவ்வொருத்தியாக. குடும்பம் என்று ஒன்று இருந்தால் யாருக்காவது ஓலை வாசித்துக்கொண்டேதான் இருப்பார்கள். இதற்குள் தெரு வேறு மாதிரி ஆகிவிட்டது. முதலியாரின் மகன் நாணு, நெருப்பே பற்றாத தெரு ஒன்று தன்னிடம் இருப்பதை அப்பா போன பிறகு யோசித்துப் பார்த்தார். வரிசை வீடுகளைக் கிடங்குகளாக மாற்றி மண்ணெண்ணெய்க்காரர்களுக்கும் பஞ்சு வியாபாரிகளுக்கும் சினிமா பிலிம் வைத்திருந்தவர்களுக்கும் வாடகைக்கு விட்டார். யுத்தம் வந்ததும் இன்னும் கேட்டு வந்தார்கள். கிடங்குக் காவல்காரர்கள் மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்து பொழுது போகாமல் தீக்குச்சிகளைக் கிழித்துக் கிழித்துப் போட்டார்கள். ஓஸ்வால்டின் அறைக் கதவுக்கு நாணு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தார். அவர் நல்லபடியாகக் கிடக்க வேண்டும் என்று தெருவில் பலரும் மனதுக்குள் வேண்டிக்கொண்டார்கள், சாமி கும்பிடும்போது.

1944 ஜனவரியில் பெர்னதெத்துக்கு எண்பத்தாறு வயது. காலில் நீர் கோர்த்துக்கொண்டிருந்தது. அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அவள் போய்விட்டால் அந்த மனிதனை முறை சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒருத்தரும் இல்லை. அவர் அங்கேயே கிடப்பார், மனிதர்கள் எல்லாம் எழுந்து போன பிறகும். அவள் நாணுவைக் கூப்பிட்டனுப்பி, மூன்று ஞாயிறு தவணை தருகிறேன், நாலாவது ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் அந்த அறையில் உட்கார்ந்து அழப்போகிறேன், கிடங்குகளைக் காலி பண்ணிவிடு என்றாள். நாணுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளிடம் சின்ன வயதில் அடி வாங்கியவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நாப்பது வருஷத்துக்கு மேல அவரு யாருக்கும் தொந்தரவு இல்லாம இருக்காரு. இருந்துட்டுப் போகட்டுமே."

"எனக்குத் தொந்தரவா இருக்குடா."

"நீங்க அவருக்கு யாரும்மா?"

"அதத்தான் அன்னிக்குச் சொல்லப் போறேன். நீ டின்ன எடு."

நாணு இதை வயதான பேச்சு என்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் பிலிம் பெட்டிகளை மட்டும் அப்புறப்படுத்தினார், அவை விலை கூடியவை. மற்ற வியாபாரிகளிடம் சொன்னபோது சிரித்தார்கள். கிழவி இதையே அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் பூசை முடிந்து வரும் வழியில் ஒவ்வொரு கிடங்கு வாசலிலும் நின்று சொன்னாள்.

சிரிக்காதவள் கேத்தரின் ஒருத்திதான். அவளுக்கு அறுபத்து நாலு வயது, விதவை, அம்மாவோடு அதே வீட்டில் இருந்தாள். பிளந்த தரைக்கல்லை அவளும் பதினெட்டு வயதில் பார்த்தவள்தான். நடுவில் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள், முடிவு வரைக்கும் யோசித்ததில்லை. இப்போது அவள் பேத்தி மௌரீனுக்கு ஓலை வாசிக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை ரயில்வேயில் கார்டு. அவள் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, இன்னும் ஒரு மாசம் போகட்டும், மௌரீன் கல்யாணம் முடியட்டும் என்றாள். பெர்னதெத் சிரித்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, வந்தவாசியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கேத்தரின் கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து நின்றாள்.

"அப்போ நான் யாரு?"

"நீ கேத்தரின். அறுபத்து நாலு வயசு. இனிமே உன்ன யாரும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

"மௌரீனு?"

"அவளுக்குச் சொன்னாலும் அவ கட்டிப்பா. சொல்லலன்னாலும் கட்டிப்பா. நான் யாருக்கும் சொல்லாம உனக்கு ஒரு கல்யாணம் பண்ணேன், பாரு. அதுக்கு ஒரு மனுஷன் தரையில கெடக்கிறான்."

நாலாவது ஞாயிறு பூசையில் மௌரீனுக்கு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து வீடு வந்ததும் கேத்தரின் வாசல் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகை வைத்து நின்றாள். கிழவி அவளைத் தள்ளவில்லை, அதற்குத் தெம்பு இல்லை. எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இருவரும் மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தார்கள். தெருவில் நாணுவும் சில வியாபாரிகளும் வேடிக்கை பார்க்க நின்று, ஒன்றும் நடக்காததால் கலைய ஆரம்பித்தார்கள். அப்போது கேத்தரின் கதவிலிருந்து விலகி, அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தெருவைக் கடந்து கூட்டிக்கொண்டு போனாள். ஏன் மனசு மாறியது என்று பின்னால் கேட்டவர்களிடம், கால் கடுத்தது என்றாள்.

நாணு பூட்டைத் திறந்தார். பெர்னதெத் பிளந்த கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓஸ்வால்டுக்கு நாற்பதுக்குச் சற்று மேல்தான் இருக்கும், அவளுக்குப் பேரன்போல் இருந்தார். அவள் தலையை அவிழ்த்துவிட்டு, கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டு, எழுபது வருஷம் முந்தைய ஊர்ப் பேச்சில் குரல் எடுத்தாள்.

"மண்ணு சொமந்து கூலி வாங்கியாறேன்னு
முள்ளுவேலி தாண்டிப் போன என் புருசனே,
எனக்குத் தாலி கட்டுன சவரிமுத்தே,
செத்தவனுக்குப் பூச வெச்சேன்
சாகாத உன்னத் தெருவுல வெச்சேன்
ஏழு வருசம் எதுத்தாப்புல
ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்கலியே
அண்ணன்னு பொய் சொல்லி உன்ன அமுத்துனேன்
உம் பொண்டாட்டி ஆரோக்கியம் வந்திருக்கேன்
எந்திரிச்சுப் போ சாமி."

வாசலில் நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். அவள் திரும்பச் சொல்லவில்லை. தரைக்குள் கல் உரசும் சத்தம் வந்தது, கட்டில் மெல்ல மேலே வந்து நின்றது. நல்மரண சபைக்காரர்கள் எட்டுப் பேரைத் தயாராக வைத்திருந்தார்கள். எட்டுப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியதில் கட்டில் உத்தரத்தில் போய் இடித்தது. பிறகு நான்கு பேர் போதும் என்று மற்றவர்களை விலகச் சொன்னார்கள். காலை முன்னால் விட்டு வெளியே கொண்டுபோனார்கள். வெளிவாசலைத் தாண்டியபோது தெருவின் மேற்கு முனைக் கிடங்கு வெடித்தது. அங்கே ஒரு காவல்காரர் டின் மேல் உட்கார்ந்து வழக்கம்போலத் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தார். மூன்று கிடங்குகள் எரிந்தன. காவல்காரரும் வண்டியில் பூட்டியிருந்த ஒரு மாடும் செத்துப்போனார்கள். காவல்காரருக்கு அழ மனைவி இருந்தாள். மாட்டை முனிசிபாலிட்டி எடுத்துக்கொண்டுபோனது. ஊர்வலம் நிற்கவில்லை, புகை நடுவே போய்க் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியது. திரும்பி வந்தவர்கள் தங்கள் வீடுகளில் சாம்பல் இல்லாத, ஒரு தலைமுறை பார்க்காத அடுப்புகளைத் தேடினார்கள். பல வீடுகளில் அடுப்பே கட்டப்பட்டிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோவிலில் மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தினார். கேத்தரின் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எல்லோருடைய துணியிலும் எரிந்த பஞ்சு நாறியது. பின்வரிசையில் ஒருவர் இருமினார். சாமியார் அடுத்த பெயரை வாசித்தார். நாற்பத்தைந்து வருஷம் ஒரு தெரு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் குளித்தது அந்த இருமலுக்குப் பயந்துதான். மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டிருந்தார்கள். கேட்டது ஒன்றுதான், விருந்துக்கு இனி தெருவிலேயே சமைக்கலாமா என்று. சாமியார் பெர்னதெத்தின் விஷயத்தை ஆயருக்கு எழுதினார், பதில் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவள் போனாள். கேத்தரின் அம்மா என்றாள். எடுத்துக்கொண்டுபோனார்கள்.

தெருவில் இப்போது புகை கண்ணைக் கரிக்கிறது என்ற குறை மட்டும் உண்டு. நாணு இன்சூரன்ஸ் கட்ட வேண்டியிருந்தது. எரிந்தது போக மீதி அறைகளைக் குடித்தனத்துக்கே விட்டார். வாடகை கேட்டு வருகிறவர்களிடம் என்ன வேலை, என்ன ஜாதி, எத்தனை பேர் என்று மற்ற தெருக்களில் கேட்பார்கள். லாயக்காரத் தெருவில் முதலில் வேறொன்று கேட்டார்கள். 1946-ல் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர் தகரப் பெட்டியோடு வந்தார். மரியாதையான ஆள், பர்மாவில் இருந்தவர், மூன்று மாத வாடகையை முன்னாலேயே தருவதாகச் சொன்னார். நாணு அவருக்குக் காப்பி கொடுத்தார், கடைசி அறையைத் திறந்து காட்டினார். அறை அவருக்குப் பிடித்திருந்தது. அப்புறம் நாணு கேட்டார், உங்களுக்கு முறை சொல்லி அழ யார் இருக்கிறார்கள் என்று. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நன்றாக யோசித்தார். ஒருத்தரும் இல்லை என்றார். அடுத்த தெருவில் அறைகள் காலியாக இருக்கின்றன என்று சொல்லி, நாணு அவருக்கு வழி காட்டினார்.